மகளின் மேடையில் பூத்த உப்பு

எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாயில் வைத்ததும் துப்புகிற அளவுக்கு இல்லை. மாடு குடிக்கும், சோளம் விளையும், தென்னையும் காய்க்கும். பருப்பு மட்டும் வேகாது. குடிக்கவும் சமைக்கவும் ஆற்றங்கரை ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் வரும். மலையாள நாட்டு எல்லையில், பெருமாட்டிக்குக் கிழக்கே உள்ள தோட்டங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். வேனிலில் வாய்க்கால் கரையெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். துணி வெளுப்பவர்கள் வந்து அந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு போவார்கள். வீட்டுச் சுவரின் அடியிலும் உப்புப் பொரிந்து மண் உதிரும். மழைக்கு முன் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிவிடுவோம். அதை யாரும் ஒரு நோயாக நினைத்ததில்லை.

மகளின் மேடையில் அது பூத்த பிறகுதான் நான் உப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவளுக்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் எருதுகளோடு பேசுவாள். நான் எருதை முன்னும் பின்னும் ஓட்டும்போது கூடவே நடந்துவந்து, அதன் காதில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். வாய்க்காலில் தண்ணீர் பாயத் தொடங்கியதும் ஓடிப்போய்ப் பனைமரத்தடியில் காலை நனைத்துக்கொண்டு உட்காருவாள். அவளுடைய அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டால் காது கேட்காதவள் போல இருப்பாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த மனிதர் அவளுடைய தாய்மாமன். என் மனைவியின் தம்பி. கொத்து வேலை செய்பவன். அப்போது கஞ்சிக்கோட்டுப் பக்கம் சாலையில் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் அவன் சிமிட்டியைக் கையில் தொட்டுப் பழகினான். எங்கள் பக்கத்தில் அது புதிய சாமான். தானிய மண்டிக்காரர் ஒருவர் வீட்டில் மட்டும் சிமிட்டித் தரை போட்டிருந்தார்கள். ஒருநாள் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது, அவள் செருப்பில்லாத காலால் அந்தத் தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். மாமன் வந்ததும் முதல் பேச்சு அதுதான்.

"மாமா, எண்ணெய் தேச்ச மாதிரி இருக்குதுங்க மாமா. நம்மூட்டுலயும் போடுங்க."

"உனக்குச் சீர் செய்யற அன்னைக்குப் போடறன் அம்மிணி. நீ பெரியவளாவு. ஊட்டுக்குள்ள உக்கார வைக்கறப்ப சிமிட்டித் தரைலதான் உக்காருவ. போதுமா?"

"இப்பவே போட்டா ஆகாதுங்களா?" என்றாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அந்தப் பங்குனியில் ஆறு வற்றிப்போய், மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ஒருநாள் விடிந்ததும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெயில் ஏறுவதற்குள் அவளுடைய முகம் எனக்கே அடையாளம் தெரியாதபடி சுருங்கிப் போயிற்று. கண் உள்ளே போய்விட்டது. வைத்தியர் வந்து பார்த்தார். ஒரு குளிகையைத் தேனில் உரைத்து நாக்கில் தடவினார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"தண்ணி மட்டும் குடுத்துறாதீங்க. எத்தனை கேட்டாலும் குடுக்காதீங்க. உள்ள போற தண்ணிதான் எல்லாத்தையும் வெளிய இழுத்துட்டு வருது. உதட்டுக்கு ஈரத்துணி வைங்க, போதும்."

அப்போது எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். வாந்திபேதி கண்ட வீட்டில் முதலில் தண்ணீர்ப் பானையை மறைப்பார்கள். என் மனைவியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, ஒரு மொடக்கு."

"ஆறிரும் கண்ணு. செத்த பொறுத்துக்க."

"ஒரே ஒரு மொடக்குங்கம்மா. உள்ள போகாதுங்கம்மா, வாயில வெச்சுட்டுத் துப்பிர்றேன்."

என் மனைவி ஈரத்துணியை உதட்டில் வைத்தாள். மகள் அந்தத் துணியைப் பல்லால் கடித்துச் சப்பினாள். வைத்தியர் சொன்னதை நினைத்து என் மனைவி துணியைப் பிடுங்கினாள். அதன்பிறகு மகள் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பொழுது மேற்கே சாய்வதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

கல்யாணமாகாத பிள்ளைகளை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக என் மனைவி விடவில்லை. வாய்க்கால் ஓரத்தில், அந்தப் பனைமரத்தடியில் குழி எடுத்தோம். செய்தி போய்ச் சேர்ந்து மனைவியின் தம்பி வருவதற்குள் மண் மூடியாகிவிட்டது. அவன் வந்து ஈர மண்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

சில நாள் கழித்து ஒரு வண்டியில் வந்தான். வண்டியில் வெட்டுக்கல், ஒரு பெரிய கருங்கல் பலகை, கோயமுத்தூரிலிருந்து வாங்கிவந்த சிமிட்டி மூட்டை. எங்கள் ஓடையிலேயே மணல் அள்ளினான். எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே குழைத்தான். யாரையும் கூடத் தொட விடவில்லை. குழியின் மேல் வெட்டுக்கல்லை முழங்கால் உயரத்துக்கு மேடையாக அடுக்கிச் சுற்றிலும் சிமிட்டி பூசி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுமினுக்க வைத்தான். மேலே கருங்கல்லை வைத்தான். முடித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டான்.

"தொட்டுப் பாருங்கக்கா. எண்ணெய் தேச்ச மாதிரி இல்லீங்களா?"

அவள் தொட்டுப் பார்த்தாள். அவன் அப்போதுதான் அழுதான். சீர் கொண்டுவர வேண்டிய மாமன் இதைக் கட்டுகிறானே என்று வந்திருந்த பெண்கள் ஓலமிட்டார்கள்.

முதல் வருஷம் மேடை அப்படியே இருந்தது. அடியில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நாங்கள் கவனிக்கவில்லை.

மறு வேனிலில், மறுபடி எங்கேயோ வாந்திபேதி என்று கேள்விப்பட்டு, சர்க்காரிலிருந்து ஒரு சுகாதார ஆள் ஊருக்கு வந்தார். தமுக்கு அடித்து எல்லாரையும் கோயில் முன்னால் கூட்டினார்கள். கிணறுகளில் போட ஒரு சிவப்பு மருந்து கொண்டுவந்திருந்தார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். யாருக்காவது கண்டுவிட்டால் தண்ணீரை நிறுத்தக் கூடாது, கொதித்து ஆறிய தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், உடம்பில் தண்ணீர் வற்றித்தான் ஆள் போகிறது என்றார்.

பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்ற என் மனைவி முன்னே வந்தாள். அவள் பொது இடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"தண்ணி குடுக்கலாங்களா?"

"கொடுக்கணும்மா. கொடுக்காமல் இருக்கறதுதான் தப்பு."

"கேக்கற அளவுக்குங்களா?"

அவர் சின்ன வயசுக்காரர். அவளுடைய முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "முன்னெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

தோட்டத்துக்குத் திரும்பியவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போனாள். ஒரு குடம் சேந்தி, இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போய் அந்தக் கருங்கல்லின் மேல் ஊற்றினாள். தண்ணீர் நான்கு பக்கமும் வழிந்து காய்ந்த மண்ணில் இறங்கியது. அவள் இன்னொரு குடம் கொண்டுவந்தாள். பிறகு இன்னொன்று. நான் குடத்தைப் பிடித்தேன்.

"உடுங்க. கேட்டாளுங்க அவ," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். சாப்பாடு மறந்தாலும் அதை மறக்க மாட்டாள். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் அவள் முகம் கொஞ்சம் தெளியும், அடுப்பு பற்றவைப்பாள், எனக்குச் சோறு போடுவாள்.

மழை நின்று, மலைக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் மேடை வெளுக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் காற்று ஈரத்துணியை நின்ற இடத்தில் காய வைக்கும். அந்தக் காற்று நேரே அடிக்கிற பக்கத்தில்தான் முதலில் வந்தது. பஞ்சுபோல, விரலால் தொட்டால் உதிரும் வெள்ளை. பிறகு நான்கு பக்கமும் பரவியது. மாமன் தேய்த்து மினுக்கிய பூச்சின் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கொப்புளம் உடைந்தால் உள்ளிருந்து மாவுபோல் கொட்டியது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "கொழந்தைக்கு இன்னும் தாகம் தீரலயாட்ட இருக்குது," என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். என் மனைவி இரண்டு குடத்தை நான்காக்கினாள்.

அதைவிடக் கொடுமை ஆடுகள். ஆட்டுக்கு உப்பென்றால் உயிர். எங்கள் பட்டி ஆடுகளே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய் மேடையை நக்கின. விரட்ட விரட்ட வந்தன. அவள் ஒரு விளார்க் குச்சியை வைத்துக்கொண்டு பனைமரத்தடியிலேயே உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் நான் போனபோது ஓர் ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்து, அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "எம்புள்ளய நக்குதுங்க, எம்புள்ளய நக்குதுங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கே ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டேன்.

உப்பை எப்படியாவது போக்க வேண்டும் என்று அதன்பிறகுதான் முனைந்து இறங்கினேன். பித்தளை விளக்குவது போலப் புளியைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அன்று பளிச்சென்று இருந்தது, காற்றுப் பட்டதும் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. சுண்ணாம்பு அடித்தேன், செதில் செதிலாக உரிந்தது. ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சிப் பூசினேன். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தது, பிறகு எண்ணெய் பூசிய தோலோடு சேர்ந்து பெரிய பெரிய சில்லாக விழுந்தது. மைத்துனனுக்குச் சொல்லியனுப்பினேன். அவன் ஓடிவந்து பார்த்து, முகம் கறுத்துப்போய், பழைய பூச்சின் மேலேயே இன்னும் கெட்டியாக ஒரு பூச்சுப் பூசினான். அடுத்த வேனிலில் மேற்குப் பக்கத்துப் பூச்சு முழுக்கப் பிரிந்து சாய்ந்தது. உள்ளே இருந்த வெட்டுக்கல் பல் சொத்தையானதுபோல் அரித்துக் குழிந்திருந்தது. என் மனைவி அந்தக் குழியைக் கையால் மூடிக்கொண்டாள். காயத்தை மூடுவது போலத்தான் இருந்தது பார்க்க.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணறு அடியோடு வற்றியது. கவலை இறைப்பு நின்று, வாய்க்காலும் வெடித்துப் போயிற்று. அதே சமயம் பொள்ளாச்சிப் பக்கத்தில் என் மாமியார் படுத்த படுக்கையானார். என் மனைவி போக மாட்டேன் என்றாள். தம்பி வந்து அழுது கூப்பிட்டதால் போனாள். ஊற்றுவதற்குத் தோட்டத்தில் தண்ணீரே இல்லை என்பதால்தான் போனாள் என்று நினைக்கிறேன்.

வெறும் வீட்டில் எனக்கு வேலையும் இல்லை. தினமும் மேடையருகே போய் உட்காருவேன். முதலில் உப்பு கன்னாபின்னாவென்று வந்தது. கழுவத் தண்ணீர் இல்லாததால் ஒரு தேங்காய் மட்டையைத் தட்டி நாராக்கி, உலர்ந்தபடியே தேய்த்து உதிர்த்தேன். உதிர்ந்ததை முறத்தில் கூட்டி வாரித் தூரக் கொண்டுபோய்க் கொட்டினேன். மறுபடி வந்தது, ஆனால் குறைவாக. மறுபடி தேய்த்தேன். வர வரக் குறைந்து, கடைசியில் விரலில் ஒட்டுகிற அளவுக்குக்கூட இல்லை. அடிப்பக்கம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். மாமியார் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பியபோது கோடை மழையும் பெய்து கிணற்றில் தண்ணீர் ஊறியிருந்தது. மேடையைப் பார்த்தாள். "சுத்தமா இருக்குதுங்களே," என்றாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

சில நாளிலேயே உப்பு திரும்ப வந்துவிட்டது.

அப்போது எனக்கு விளங்கியது. தண்ணீர்தான் உப்பைக் கொண்டுவருகிறது. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பும், மண்ணில் இருக்கும் உப்பும் ஈரத்தோடு கல்லுக்குள் போகின்றன. காற்றுப் பட்டதும் தண்ணீர் மட்டும் காற்றோடு போய்விடுகிறது. உப்புக்குப் போக வழியில்லை, வெளியே பூக்கிறது. மேலே பூசி வாயை அடைத்தால் உள்ளேயே பூத்துக் கல்லை உடைக்கிறது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகிறது. விளங்கிய பிறகு, இதை யாரிடம் சொல்லப் போகிறோம் என்று நினைத்ததும் வீட்டுப் பக்கம் போகாமல் பனைமரத்தடியிலேயே நின்றேன்.

முதலில் மைத்துனனிடம் சொன்னேன். அவன் உடைந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தான். துப்பினான்.

"ஓடை மணலை ஆத்துத் தண்ணில அலசியிருக்கோணுங்க மச்சான். பாலத்து வேலைல அலசாத மணலத் தொட உடமாட்டாங்க. எனக்குத் தெரியும். அன்னைக்கு எனக்குப் புத்தி எங்க இருந்துச்சுன்னே தெரியலீங்க."

"உட்றா மாப்ள. இப்ப என்ன செய்யறதுன்னு சொல்லு."

"சிமிட்டிய எல்லாம் ஒடச்சு எடுத்துரோணுங்க. அடில கருங்கல்லு வரிசை வெச்சாத்தான் மண்ணு ஈரம் மேல ஏறாது. சுத்தியும் ஒரு குழி வெட்டி ஜல்லி போட்டரலாம். வாய்க்கால அக்கட்ட தள்ளி உட்டுருங்க. மேல சுண்ணாம்புக் காரை. அது மூச்சு உடும், உப்பு வந்தாலும் ஒடையாது." நிறுத்தி, வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னான், "ஆனா அக்கா தண்ணி ஊத்தக் கூடாதுங்க."

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவளிடம் சொன்னேன். நான் கண்டதை எல்லாம், தேங்காய் நாரால் உதிர்த்தது முதல், வரிசையாகச் சொன்னேன். அவள் எச்சில் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப தண்ணி ஊத்தக் கூடாதுங்கறீங்க."

"ஊத்துனா ஒடைஞ்சுக்கிட்டே இருக்கும் புள்ள. கொஞ்ச நாள்ல மேடையே இருக்காது."

"அன்னைக்கும் இப்படித்தானுங்க சொன்னீங்க எல்லாரும். குடுக்காத, குடுத்தா போயிருவான்னு. நான் குடுக்கல. போயிட்டா. இப்பவும் ஊத்தாத, ஊத்துனா ஒடைஞ்சிரும்னு சொல்றீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "நான் எப்பத்தானுங்க அவளுக்குத் தண்ணி குடுக்கறது?"

அவளுடைய தம்பி வாசலில் நின்றவன் அப்படியே கீழே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் எழுந்து கொட்டகைக்குப் போய் எருதின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் வழக்கம்போல் ஊற்றினாள். மேடையின் ஒரு மூலை உட்கார்ந்து கருங்கல் சாய்ந்தது. அதைப் பார்த்த அன்று அவள் குடத்தை ஊற்றாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்து தென்னைக்கு ஊற்றினாள்.

"தம்பிய வரச் சொல்லுங்க," என்றாள். "ஒடைக்கறப்ப நான் அங்க இருக்க மாட்டேன்."

மைத்துனன் அந்தச் சிமிட்டியைத் தானே உடைத்தான். ஒவ்வொரு சில்லையும் வீசி எறியாமல் கையால் எடுத்துக் கூடையில் போட்டான். அரித்துப்போன வெட்டுக்கற்களை ஒதுக்கிவிட்டு, மிச்சக் கற்களை ஆற்றுத் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நிழலில் உலர்த்தினான். நான் வாய்க்காலைப் பனைமரத்துக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி வெட்டினேன். சுற்றிக் குழி எடுத்து ஜல்லி நிரப்பினோம். அடியில் கருங்கல் வரிசை வைத்தோம். மணலை ஆற்றிலிருந்தே கொண்டுவந்து, நாக்கில் உப்புத் தட்டாத வரைக்கும் அலசினோம். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்தான். இந்த முறை அவன் மினுக்கவில்லை. சொரசொரப்பாகவே விட்டான்.

பூசி முடித்த மறுநாள் அவன் அக்காவிடம் போய் நின்றான்.

"அக்கா, காரை காயற வரைக்கும் தினமும் நனைச்சுட்டே இருக்கோணுங்க. வெயில்ல சட்டுனு காஞ்சா வெடிச்சிரும். ஆத்துத் தண்ணிதான் ஆவும். நீங்க ஊத்தறீங்களா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றயா? எம்மனசுக்காகச் சொல்றயா?"

"நெசந்தானுங்கக்கா."

வண்டி வேண்டாம் என்றாள். ஆற்றங்கரைக்கு நடந்தே போய், தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். வெயில் ஏறும் முன்னும், வெயில் தாழ்ந்த பின்னும். காரையின் மேல் வைக்கோலைப் பரப்பி, கையால் அள்ளி அள்ளித் தெளித்தாள். முன்பெல்லாம் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவாள். இப்போது கை நிறைய எடுத்து, விரல் இடுக்கு வழியாகக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டாள். உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று கேட்கிற தூரத்துக்கு நான் போனதில்லை.

காரை இறுகியதும் மைத்துனன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "இன்னையோட போதுங்கக்கா," என்றான். அவள் குடத்தில் மிச்சம் இருந்ததை ஒரு சொட்டுக்கூட விடாமல் தெளித்தாள். ஈரக் கையை முகத்தில் துடைத்துக்கொண்டு குடத்தைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வேனில் வந்தது. கணவாய்க் காற்று அடித்தது. மேடையின் அடியில் மட்டும் மங்கலாக ஒரு வெள்ளை தெரிந்தது. நான் உலர்ந்த நாரால் துடைத்தேன், போய்விட்டது. கல்லும் காரையும் இறுகி நின்றன. அவளைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு புள்ள. ஒரு பொட்டு உப்பு இல்ல."

"நல்லதுங்க," என்றாள். முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை. "எனக்கு இனி அங்க என்ன வேலைங்க?"

மெய்யாகவே அவள் அங்கே போவதை விட்டுவிட்டாள். ஆடி பதினெட்டு, தை நோன்பு என்று நான் போய் விளக்கு வைத்தேன். அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மேடை உடைந்துகொண்டிருந்த நாட்களில் எனக்கு அவள் பாதியாவது இருந்தாள். அது நன்றாக நின்ற பிறகு அந்தப் பாதியும் எங்கேயோ போய்விட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சோறு போடுவாள், மாட்டைக் கட்டுவாள். அவ்வளவுதான். உப்பைப் போக்கியதில் நான் என்ன நன்மை செய்தேன் என்று பல நாள் பனைமரத்தடியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

சில வருஷம் கழித்து மறுபடி ஊருக்குள் வாந்திபேதி வந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் சின்னப் பையன் ஒருவனுக்குக் கண்டுவிட்டது என்று காலையில் செய்தி வந்தது. என் மனைவி அடுப்பில் இருந்த கஞ்சியை வடித்து, உப்பைப் போட்டுக் கலக்கிச் செம்பில் எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமலே கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். அந்த வீட்டில் வழக்கம்போலத் தண்ணீர்ப் பானை வெளியே போயிருந்தது. பையனின் தாத்தா வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"உள்ள உடமாட்டேன் தாயி. தண்ணி குடுத்தா பொழைக்காது."

"குடுக்காம நான் பாத்துட்டனுங்க மாமா," என்றாள் என் மனைவி. "உடுங்க."

அவர் விலகினார். அவள் பையனை மடியில் போட்டுக்கொண்டு பால் புகட்டும் சங்கால் கஞ்சித் தண்ணீரை விட்டாள். அவன் வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். பையனின் அம்மாவைத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னாள். அன்று முழுவதும் அவள் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. மறுநாளும் அங்கேயே இருந்தாள். நான் கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை. கை ஓயாமல் சங்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

பையனுக்கு நின்றுபோயிருந்த மூத்திரம் போயிற்று. கண் திறந்து பார்த்தான். பசிக்கிறது என்றான். அந்த வீட்டுப் பெண்கள் என் மனைவியின் காலில் விழுந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் செம்பை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். நான் சந்தோஷமாகப் பின்னால் வந்தேன். அவள் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாளே.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவளுடைய கையிலிருந்து செம்பு விழுந்தது. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழச்சுட்டானுங்க," என்றாள்.

"ஆமா புள்ள. உன்னாலதான்."

"அப்ப அவளும் பொழச்சிருப்பாளுங்க."

அதுவரைக்கும் அந்தச் சுகாதார ஆள் சொன்னது வெறும் சொல்லாக இருந்திருக்கிறது. ஒருவேளை அவர் சொன்னது தவறாக இருக்கலாம், எப்படியும் மகள் போயிருப்பாள் என்று அவளுக்குள் ஒரு மூலையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். மகள் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. மண்ணில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதன்பிறகு எந்த வீட்டில் கண்டாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். பலர் பிழைத்தார்கள், சிலர் போனார்கள். போனவர்கள் வீட்டிலிருந்து வரும்போது அவள் முகம் அமைதியாக இருக்கும். பிழைத்தவர்கள் வீட்டிலிருந்து வரும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும். அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் நன்றாக வளர்ந்தான். அவளைக் கண்டால் வரப்பிலிருந்தே "பெரியம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருவான். அவள் வாசலில் நிற்க வைத்து அவன் தலையைத் தடவுவாள், ஒரு வெல்லக்கட்டியைக் கையில் கொடுப்பாள். உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.